நாற்பது தப்படித் தடை

அமீனா உத்தியோகத்தில் ஒருவன் முதலில் கற்றுக்கொள்வது, தாகத்தோடு வீடு திரும்புவது.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் அன்று ஒரு நம்பிக்கை இருந்தது. கோர்ட்டுக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தால் வழக்கு அந்த வீட்டிலேயே தங்கிவிடுமாம். ஆற்றில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். டம்ளரில் மட்டும் கிடையாது. முப்பத்தோரு வருஷம் இப்படித்தான் சைக்கிள் மிதித்தேன். கோர்ட்டு கொடுக்கிற காகிதத்தை உரிய ஆளிடம் சேர்ப்பது என் வேலை. ஆள் இல்லாவிட்டால் அவர் வீட்டு வாசலில் ஒட்டிவிட்டு வரவேண்டும். பெரும்பாலும் தடை உத்தரவுகள். அங்கே போகாதே, இதைத் தொடாதே, அதைத் திறக்காதே.

கரண்டை வெட்ட வருகிற லைன்மேன், பஸ்ஸில் டிக்கெட் சோதிக்கிறவர், ரேஷன் கடையில் 'சர்க்கரை இல்லை' என்று சொல்கிறவர், நீங்களெல்லாம் என் பங்காளிகள். எவனோ போட்ட உத்தரவுக்கு நாம் திட்டு வாங்குகிறோம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதல் கிடைக்காது. கோபம் வரும். வரட்டும்.

தண்ணிக்கும் ஒன்று

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒரே மடை, அடுத்தடுத்த வயல். மடையை யார் திறப்பது என்று வழக்கு. முன்சீப், 'வழக்கு முடியும்வரை இருந்தது இருந்தபடியே இருக்கவேண்டும், யாரும் மடையைத் தொடக்கூடாது' என்று உத்தரவு போட்டார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தால் நல்ல உத்தரவுதான்.

நான் கொண்டுபோய்ச் சேர்த்த நேரத்தில் மடை பாதி திறந்து கிடந்தது. தம்பி வயலில் நட்டு நாலு நாளான பயிர். காகிதத்தைப் படித்துக் காட்டினேன். தண்ணீர் ஏறுவதைப் பார்த்துத் தம்பி மடையை மூடப் போனான். "தொடாதே, கோர்ட்டு உத்தரவு" என்றான் அண்ணன். தம்பி கையை எடுத்துவிட்டான். சிறிது நேரத்தில் தம்பி வயல் நிரம்பி, வரப்பு தாண்டி, அண்ணன் வயலுக்குள் தண்ணீர் இறங்கியது. இப்போது அண்ணன் மூடப் போனான். "தொடாதே" என்றான் தம்பி. இரண்டு நடவும் மூழ்குகிறது. இரண்டு தடியன்களும் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மூடு என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

தம்பி பெண்டாட்டி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஆளுக்கு ஒரு காயிதம் கொடுத்தீங்களே, தண்ணிக்கும் ஒண்ணு கொடுத்துட்டுப் போங்க!"

தொழுவத்துச் சொற்கள்

ஆட்சி மாறிய புதிது. ஆபீஸ் பலகையெல்லாம் தமிழுக்கு மாறியது. இஞ்சங்ஷன் என்பதற்கு 'உறுத்துக் கட்டளை' என்று பேர் வந்தது. நல்ல தமிழ். கிராமத்தில் ஒருவனுக்கும் புரியவில்லை. நான் 'தடை' என்றே சொல்லி வந்தேன். அது புரிந்தது. புரிந்ததால்தான் வசவும் கிடைத்தது.

எங்கள் கோர்ட்டில் அமீனாக்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற தலைமை குமாஸ்தாவுக்கு நாசர் என்று பெயர். நவாபு காலத்துப் பதவி. பி.ஏ. படித்தவர். ஒருநாள் அவரிடம் கேட்டேன். "இந்த ரெஸ்ட்ரெயின்னு இங்கிலீஷ்ல அடிக்கிறாங்களே சார், அது எங்கேருந்து வந்த வார்த்தை?" அகராதியைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "லத்தீன்யா. பின்னால இழுத்து இறுக்கிக் கட்டுறது." எனக்குச் சிரிப்பு வந்தது. மூக்கணாங்கயிற்றுக்கு எதற்கு லத்தீன்? நம் சொற்களும் அப்படித்தான். மறியல் என்கிறோம். வயலில் ஆட்டுக்கிடை மறிக்கிறவனைக் கேளுங்கள், மறிப்பது என்றால் என்ன என்று அவன் சொல்வான். தளை என்கிறோம். அது மேயப்போன கழுதையின் காலில் கிடப்பது. அடக்குவது காளையை. மனிதனைத் தடுக்க ஒரு சொல் வேண்டும் என்றால் எல்லா நாட்டுக்காரனும் தொழுவத்துக்குத்தான் போயிருக்கிறான்.

ஆனால் தொழுவத்தில் ஒரு சட்டம் உண்டு. அது எந்த அகராதியிலும் இல்லை. கட்டினவன்தான் தண்ணி காட்டவேண்டும். மாட்டைக் கட்டிப் போட்டுவிட்டுப் போகிறவனை எங்கள் ஊரில் மனிதனாக மதிக்கமாட்டார்கள். "கோர்ட்டு கட்டுது சார், தண்ணி யாரு காட்டுறது?" என்றேன். நாசர் அகராதியை மூடினார்.

"அர்த்தம் கேக்க வக்கீல் இருக்கான். உனக்குக் கொடுத்திருக்கிறது பசை. போய் ஒட்டிட்டு வாய்யா."

வெயிலில் நின்றது

வெண்ணாற்றங்கரையில் ஒரு பெரிய பண்ணை. ஊரில் பாதி நிலம் அந்த மிராசுதாருடையது. மீதிப் பாதியும் அவருடையதுதான் என்று அவர் நினைப்பு. நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம். நிலத்துக்கு உச்சவரம்பு, குத்தகைக்காரனுக்குப் பாதுகாப்பு, குடியிருப்பவனுக்கே மனை என்று சட்டத்துக்கு மேல் சட்டம் வந்தது. கூலி கேட்டவர்கள் கொடியைப் பிடித்தார்கள். மிராசுதார்கள் கோர்ட்டைப் பிடித்தார்கள்.

யாரோ ஒருவர் வழக்கில் சாட்சி சொல்ல வரவேண்டும் என்று இந்த மிராசுதாருக்கு ஒரு சம்மன். கொண்டுபோனேன். பங்குனி வெயில். "அங்கேயே நில்லு" என்று காரியஸ்தர் சொன்னார். காரியஸ்தர் என்றால் பண்ணையின் கணக்கும் வழக்கும் பார்க்கிற ஆள். மெலிந்த உடம்பு, எந்நேரமும் கையில் கறுப்புக் குடை. வெயிலுக்கு விரிக்கமாட்டார். ஆளைச் சுட்டிக் காட்டத்தான் அந்தக் குடை. அவர் உள்ளே போனார். நான் சுடுதரையில் ஒரு மணி நேரம் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன், பொய் சொல்லவில்லை. மிராசுதார் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுவிட்டு, வந்து காகிதத்தை வாங்கினார். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"நேத்து வரைக்கும் குனிஞ்சு நின்னவன்லாம் இன்னிக்குக் காயிதத்தை நீட்டுறான். எங்க வாசலுக்கு வரும்போது கொஞ்சம் அடக்கமா வரணும்யா."

குடை நீளும் தூரம்

அதே பண்ணையில் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன் ஒருவன் ஆடியில் செத்துப்போனான். அவன் பெண்டாட்டி அஞ்சலை அழுது முடித்த கையோடு வயலில் இறங்கினாள். நாற்று விட்டாள், நட்டாள், களை எடுத்தாள். சம்பா நின்றது. மார்கழியில் கதிர் தலை சாயத் தொடங்கியதும் மிராசுதார் கோர்ட்டுக்கு வந்தார். குத்தகை புருஷனோடு போயிற்று, நிலம் என் கையில் இருக்கிறது, இந்தப் பெண்பிள்ளை அத்துமீறி நுழையப் பார்க்கிறாள் என்று மனு. எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை கிடைத்தது. அஞ்சலையும் அவள் ஆட்களும் அந்த நிலத்தில் காலை வைக்கக்கூடாது. நட்டவள் அறுக்கக்கூடாது. நெல் கொட்டட்டும், பரவாயில்லை.

தடைக் காகிதமும் மூல வழக்கின் சம்மனும் சேர்ந்து என் கைக்கு வந்தன. விதி என்னவென்றால், வழக்குப் போட்டவரின் ஆள் கூடவே வந்து வீட்டை அடையாளம் காட்டவேண்டும். காரியஸ்தர் வந்தார். அஞ்சலை இருக்கிற தெரு ஊருக்குத் தெற்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். எந்தத் தெரு என்று நான் சொல்லவேண்டியதில்லை. தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் தங்கள் ஊரில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் ஒரு பூவரச மரம். காரியஸ்தர் அதன் அடியில் நின்றுவிட்டார். குடையை நீட்டினார். "பூசணிக்கொடி ஏறியிருக்குது பாரு, அந்தக் குடிசை." நானும் சைக்கிளை அங்கேயே சாத்திவிட்டு உள்ளே போனேன். தெருவில் ஆள் இல்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கடைசியில் பார்த்தால் அடுத்தடுத்த இரண்டு குடிசையிலும் பூசணிக்கொடி. மரத்தடியைத் திரும்பிப் பார்த்தேன். குடை ஆடியது. இதுவா என்று ஒரு குடிசையைத் தொட்டுக் காட்டினேன். குடை மேலும் கீழும் ஆடியது.

வாசலில் ஒட்டு என்கிறது சட்டம். அந்தக் குடிசைக்குக் கதவு ஏது? கீற்றுத் தட்டிதான். கீற்றில் காகிதம் ஒட்டாது. என் தூக்குச் சட்டியில் இருந்த சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, போதாததற்கு ஒரு கருவேல முள்ளைக் குத்திவைத்தேன். திரும்பி வந்து, "சரியாப் பாத்துத்தான் சொன்னீங்களா? ஒரு எட்டு வந்து காட்டியிருக்கலாமே" என்றேன். காரியஸ்தர் சேர்த்த விவரம் எழுதிக் கோர்ட்டுக்குத் திருப்பிக் கொடுக்கிற என் ரிட்டர்ன் காகிதத்தில் 'வீட்டை நேரில் அடையாளம் காட்டினேன்' என்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்யா. நீ உன் வேலையைப் பாரு."

முள்ளில் ஒரு மூலை

தையில் அஞ்சலை அறுத்தாள். தெருவே வந்து அறுத்துக் கொடுத்தது. நெல் அவள் குடிசைக்குள் போயிற்று. மறுநாளே மிராசுதார் தரப்பு அடுத்த மனுவைப் போட்டது. தடை வாசலில் ஒட்டியிருக்கிறது, தெரிந்தே மீறினாள், அவளைச் சிறையில் வைக்கவேண்டும். இவர்கள் கணக்கு எனக்குப் புரிந்தது. மூன்று மாதம் அவள் உள்ளே இருந்தால் போதும். நிலத்தில் பண்ணை ஏர் இறங்கிவிடும். அதற்கப்புறம் இருபது வருஷம் வழக்கு நடந்தாலும் நிலம் திரும்பாது.

அந்த மனுவின் நோட்டீஸும் என் கைக்குத்தான் வந்தது. இந்தமுறை காரியஸ்தர் வரவில்லை. 'வீடுதான் தெரியுமே' என்றுவிட்டார். போனேன். நான் ஒட்டிய குடிசை வாசலில் நின்று "அஞ்சலை!" என்று கூப்பிட்டேன். அடுத்த குடிசையிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயசு இருக்கும். கையில் முறம். "நான்தாங்க அஞ்சலை. அந்த வீட்டுல யாருமில்லீங்க. அவங்க கார்த்திகையிலேயே நாகப்பட்டினம் பக்கம் வேலைக்குப் போயிட்டாங்க." தட்டியைப் பார்த்தேன். என் கருவேல முள் அப்படியே இருந்தது. முள்ளில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு காகித மூலை, பாதிக் கோர்ட்டு முத்திரையோடு. மீதியைப் பருக்கையின் ருசிக்கு ஆடு தின்றுவிட்டிருந்தது. முள்ளோடு அதைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

காரியஸ்தர் பூவரச மரத்தடியிலேயே நின்று குடையால் காட்டியது உட்பட விஷயத்தைச் சொன்னேன். அறுப்பதற்குத் தடை இருந்தது, அது அவளுக்கு வந்து சேரவில்லை, இப்போது அவளை ஜெயிலில் போடக் கேட்கிறார்கள். அவள் கத்தவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். "நாலு மாசமா அந்த வயலுக்குத் தண்ணி காட்டினது நானுங்க. மடையடியில படுத்துக்கிடந்து காட்டினேன். அப்பல்லாம் அது அவங்க வயல்னு அவங்களுக்கு ஞாபகம் வரலியா?" என்று மட்டும் கேட்டாள். காகிதத்தை நீட்டினேன். கட்டைவிரலை மையில் ஒற்றிப் பதித்தாள். உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கத் தயங்கினேன். கோர்ட்டுக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"குடிங்க. வழக்குதான் வந்தாச்சே, இனிமே எது வந்து ஒட்டிக்கப்போவுது?"

காபி

நாசரிடம் முள்ளைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ரிட்டர்ன்ல, பிரதிவாதி வீட்டு வாசலில் ஒட்டினேன்னு எழுதியிருக்கிறது யாரு? நீ. தப்புன்னு நீயே சொன்னா பொய் ரிட்டர்ன். வேலை போனாலும் போகும். பேசாம இரு" என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். இந்த நாட்டில் நடந்த அயோக்கியத்தனத்தில் பாதி, நல்லது நினைத்துச் சொன்ன புத்திமதியால் நடந்தது.

இரண்டு நாள் கழித்து மிராசுதார் கூப்பிட்டனுப்பினார். போயிருக்கக்கூடாது. போனேன். இந்தமுறை வெயிலில் நிற்க வைக்கவில்லை. நாற்காலி வந்தது. வெள்ளி டம்ளரில் காபி வந்தது. காரியஸ்தர் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். குடையைக் காணோம். நான் ஒட்டியது தப்பான குடிசையில் என்பது மிராசுதாருக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று நான் ஆராயவில்லை. கோர்ட்டுச் சுவருக்குக் காது உண்டு, வாயும் உண்டு. காபியில் ஆடை கட்டுகிறவரை நான் டம்ளரைத் தொடவில்லை. மிராசுதார் அதைக் கவனித்தார். அஞ்சலை கொடுத்த செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தவன் இந்தக் காபியைத் தொடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நாற்காலியை உருவியிருப்பார்.

அவர் அதட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மெதுவாகச் சொன்னார்: "நீங்க ஒரு பொய்யும் சொல்லவேணாம். கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லாம இருந்தாப் போதும். அதுக்குப் பேருதான் அடக்கம்."

எந்த வழக்கம்?

விசாரணை நாள். அஞ்சலை கோர்ட்டு வாசற்படிக்குக் கீழே நின்றாள். தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். உள்ளே வந்து பெஞ்சில் உட்காரலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவள் வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருப்பார், கறுப்புக் கோட்டு தோளில் நிற்காது. காரியஸ்தரைக் கூண்டில் ஏற்றினார்கள். 'நேரில் அடையாளம் காட்டினேன்' என்றார். "எவ்வளவு தூரத்திலிருந்து?" என்று கேட்டார் சின்ன வக்கீல். "பக்கத்திலிருந்துதான்." "பூவரச மரத்தடியிலிருந்தா?" காரியஸ்தர் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "மரத்தடியிலிருந்து குடிசை நாற்பது தப்படி. நான் நேற்று நடந்து பார்த்தேன். நீங்கள் நடந்தீர்களா?" "இல்லை." "ஏன்?"

அதுவரை எழுதிக்கொண்டிருந்த முன்சீப் தலையைத் தூக்கினார். காரியஸ்தர் மிராசுதாரைப் பார்த்தார். மிராசுதார் கூரையைப் பார்த்தார். "வழக்கமில்லீங்க" என்றார் காரியஸ்தர். "எந்த வழக்கம்?" என்று முன்சீப்பே கேட்டார். அந்த ஆள் வாயில் சொல் இருக்கிறது. வெளியே வரவில்லை. தெருவில், கடையில், களத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல். கோர்ட்டில் சொன்னால் குற்றம். பின்னால் இழுத்து இறுக்கிக் கட்டுவது என்று லத்தீன்காரன் எதைச் சொன்னான் என்று எனக்கு அன்றுதான் கண்ணால் தெரிந்தது. கட்டியிருந்தது அஞ்சலையை இல்லை. கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஆளை.

அடுத்து என்னை ஏற்றினார்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவேண்டாம் என்றார் மிராசுதார். கேட்டார்கள், எந்தக் குடிசையில் ஒட்டினீர்கள் என்று. சட்டைப்பையிலிருந்து முள்ளை எடுத்து மேசைமேல் வைத்தேன். பாதி முத்திரை மின்விசிறிக் காற்றில் ஆடியது. "இது இருந்தது அடுத்த குடிசையில. தப்பு என்னோடது. எனக்கு அடையாளம் காட்டினது ஒரு குடை" என்றேன். முன்சீப், "நீங்க அந்தத் தெருவுல யாரையாவது விசாரிச்சிருக்கலாமே?" என்றார். விசாரித்திருக்கலாம். பொழுது சாய்கிறவரை காத்திருந்தால் ஆட்கள் வந்திருப்பார்கள். நான் காத்திருக்கவில்லை. என் சைக்கிளையும் தெருமுனையில்தான் நிறுத்தினேன். அது ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காரியஸ்தர் நின்ற மாதிரியேதான் நானும் நின்றிருப்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. என் மேல்தான்.

தடை அவளுக்குச் சேரவில்லை, சேராத தடையை மீற முடியாது என்று மனுவைத் தள்ளினார்கள். நெல் அவளுடையது. பழைய தடையையும் எடுத்துவிட்டார்கள், வழக்கு முடிகிறவரை நிலத்தில் அவளே இருக்கலாம் என்று. வெளியே வந்ததும் தெருக்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நினைப்புதான்.

"ஏங்க, முள்ளு குத்துறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

நடந்தார்

எனக்கு மெமோ வந்தது. வேறு கோர்ட்டுக்கு மாற்றலும் வந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு காகிதம் பாக்கி இருந்தது. மூல வழக்கின் சம்மன். அதுவும் அன்று தடைக் காகிதத்தோடு போய் ஆட்டின் வயிற்றுக்குள் சேர்ந்துவிட்டதே. புதிதாகச் சேர்க்கவேண்டும். முன்சீப் ஓரத்தில் தன் கையாலேயே எழுதியிருந்தார்: 'வாதியின் காரியஸ்தர் பிரதிவாதியின் வீட்டு வாசல் வரை சென்று அடையாளம் காட்டவேண்டும். தவறினால் வழக்கு தள்ளப்படும்.'

மாசி மாதம், காலை பத்து மணி. தெருவில் அன்று ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. யார் சொல்லி வைத்தார்களோ. வாசலுக்கு வாசல் நின்றார்கள். நான் இந்தமுறை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே உள்ளே போனேன். காரியஸ்தர் பூவரச மரத்தடியில் நின்றார். வழக்கு பெரிதா, வழக்கம் பெரிதா என்று அவருக்குள் ஒரு விசாரணை நடந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் அடியை வைத்தார். வெயிலில் வைக்கோல் பரப்பிய தரை. இரண்டு கோழி. ஒரு குழந்தை அவருக்கு முன்னால் தப்படி தப்படியாக எண்ணிக்கொண்டே நடந்தது, அதன் தாய் வந்து தூக்கிக்கொண்டு போனாள். நாற்பது தப்படியும் நடந்து முடிக்க அவருக்கு ஒரு ஊர் தூரம் போகிற நேரம் ஆயிற்று. ஆறு தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் ஒருவன் நடக்காத தூரம். நடந்து முடித்தபின் பார்த்தால் மனிதர் உருகிப்போகவில்லை. வியர்த்திருந்தது, அவ்வளவுதான்.

அஞ்சலை வாசலில் நின்றாள். "இதுதான்" என்று கையால் காட்டினார். குடையால் இல்லை. நான் சம்மனைக் கொடுத்தேன். அவள் கட்டைவிரலைப் பதித்தாள். உள்ளே போய்ச் செம்போடு வந்தாள், முதலில் அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. திரும்பவும் முடியவில்லை, அவருக்குப் பின்னால் தெரு முழுக்க ஆள். அவள் செம்பை என்னிடம் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னாள். ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்:

"நாப்பது தப்படிதானுங்களே! இதை அன்னிக்கே நடந்திருந்தீங்கன்னா நான் இந்நேரம் ஜெயில்ல இருப்பேன். வராம நின்னீங்களே, நீங்க நல்லா இருக்கணும்."

முப்பத்தோரு வருஷத்தில் நான் ஊர் ஊராய்ப் போய் ஒட்டிய தடைகளில் ஆடு தின்றது உண்டு, மழை கரைத்தது உண்டு, மனிதன் கிழித்தெறிந்தது உண்டு. தலைமுறை தலைமுறையாக எல்லோரும் ஒழுங்காக மதித்து நடந்த ஒரே தடை எந்தக் கோர்ட்டும் போடாதது, நான் போய் ஒட்டவேண்டிய அவசியமும் இல்லாதது.